கூட்டுத் தீர்மானமும் அதன் தரமும்: புற்றுநோய்ச் சிகிச்சைக் குழுக்களை மதிப்பிடல் பற்றிய சில விமர்சனக் குறிப்புகள்

புற்றுநோய்ச் சிகிச்சை தனியொரு வைத்தியரின் தீர்ப்புக்குரியதன்று என்னுங் கருத்து இங்கிலாந்தில் நிறுவன வடிவம் பெற்றமைக்கு, 1995 இல் வெளிவந்த கால்மன்-ஹைன் அறிக்கை முக்கிய காரணமாகும். சத்திரசிகிச்சை நிபுணர், புற்றுநோய் வைத்தியர், கதிரியலாளர், நோயியலாளர், சிறப்புத் தாதி ஆகியோர் ஒருங்குகூடி நோயாளிக்குரிய சிகிச்சையைத் தீர்மானிக்கும் பல்துறைக் குழு முறை அதன்பின் பரவலாயிற்று. இம்முறையின் பயனை எளிதில் மறுத்துவிட முடியாது. மேற்கு ஸ்கொட்லாந்தில் மார்பகப் புற்றுநோயுற்ற 13,722 பெண்களைப் பற்றி 2012 இல் வெளியான ஆய்வு, குழுமுறை புகுத்தப்பட்ட பகுதியில் அந்நோயால் ஏற்பட்ட இறப்பு அயற்பகுதிகளிலும் 18 வீதம் குறைவாயிருந்ததைக் காட்டிற்று.

ஆயின், குழு கூடுகின்றது என்பதனால் மட்டும் அது நன்கு தீர்மானிக்கின்றது என்று கொள்ளவியலாது. இவ்வேறுபாட்டை உணர்ந்தே, லாம், செவ்டாலிஸ் முதலிய ஆய்வாளர்கள் 2011 இல் அவதானிப்பு அளவுகோலொன்றை வெளியிட்டனர். கூட்டத்தில் அமர்ந்திருக்கும் அவதானிப்பாளர், நோய் வரலாறு, கதிர்ப்படங்கள், நோயியல் முடிவுகள், உடனுள்ள பிற நோய்கள், உளசமூக நிலை, நோயாளியின் விருப்பம் ஆகியன எவ்வளவு செம்மையாக முன்வைக்கப்பட்டன என்பதற்கும், ஒவ்வொரு துறையினரின் பங்களிப்புக்கும் 1 முதல் 5 வரை புள்ளியிடுவார்.

இவ்வளவுகோல் வெளிப்படுத்திய உண்மை கூர்ந்து நோக்கத்தக்கது. உயிர்மருத்துவத் தகவல்கள் உயர்ந்த புள்ளிகளைப் பெற, உளசமூக நிலையும் நோயாளியின் விருப்பமும் அடிநிலையில் நின்றன. சத்திரசிகிச்சையாளரின் பங்களிப்பு மேலோங்க, தாதியரின் பங்களிப்பு பின்தங்கிற்று. நோயாளியை நெருங்கி அறிந்தவரின் குரலே அவையில் மெலிந்திருந்தது. வைத்தியசாலையின் அதிகார அடுக்கு, கூட்டுத் தீர்மானம் என்ற பெயரின் கீழும் தொடர்ந்து இயங்குகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

இதனை வெறும் சனநாயகப் பண்பு சார்ந்த குறையென ஒதுக்குதல் தவறாகும். பிரிஸ்டலில் மேற்குடற் புற்றுநோய்க் குழுவொன்றின் 273 தீர்மானங்களை ஆராய்ந்து 2006 இல் வெளியிடப்பட்ட ஆய்வின்படி, 41 தீர்மானங்கள் நடைமுறைப்படுத்தப்படவில்லை. அவற்றுட் பெரும்பாலானவை மாறியமைக்குப் பிற நோய்களும் நோயாளியின் விருப்பமுமே காரணங்களாயின. அவையில் எவை போதிய கவனம் பெறவில்லையோ, அவையே பின்னர் தீர்மானத்தைக் குலைத்தன. புறக்கணிப்பு என்பது இங்கு அறவியற் குறை மட்டுமன்று, அறிவியற் குறையுமாகும்.

இனி, அளவுகோலின் எல்லையும் சுட்டப்படல் வேண்டும். தகவல் கூறப்பட்டதா என்பதை அது காட்டும். கூறப்பட்டது தீர்மானத்தில் எவ்வளவு எடை பெற்றது என்பதைக் காட்டாது. புள்ளி மிகுந்த கலந்துரையாடலும் பிழையான முடிவில் முடியக்கூடும். நோயாளி பொதுவாக அவையில் இல்லாமையால், அவரது விருப்பம் பிறர் வாய்மொழியாகவே அங்கு வருகின்றது. அம்மொழிபெயர்ப்பின் நேர்மையை எப்புள்ளியும் அளவிடுவதில்லை.

காலப் பற்றாக்குறையையும் மறத்தலாகாது. பிரித்தானியப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2017 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஒரு நோயாளி பற்றிய கலந்துரையாடலின் சராசரி நேரம் 3.2 நிமிடமே. சுமை பெருகியதன் விளைவாக, எளிய நோய்நிலைகளை வகுத்த நெறிமுறைப்படி தீர்த்து, சிக்கலானவற்றுக்கு நேரம் ஒதுக்கும் வழிகாட்டல் 2020 இல் வெளியாயிற்று. இது பயன்தரத்தக்கதே. எனினும் 'எளியது' என்பதை நோயின் கூறுகளைக் கொண்டு மட்டும் வரையறுப்பின், முதுமையும் வறுமையும் தனிமையும் உடைய நோயாளி மீண்டும் பார்வையிலிருந்து மறைந்துவிடுவார்.

எனவே, தீர்மானத்தின் தரத்தை அவைக்குள் நிகழ்வதைக் கொண்டு மட்டும் மதிப்பிடுதல் போதாது. தீர்மானம் நோயாளிக்கு எவ்வாறு அறிவிக்கப்பட்டது, அவர் அதனை ஏற்றாரா, நடைமுறையில் ஏன் மாறியது, அம்மாற்றம் குழுவுக்கு மீளத் தெரிவிக்கப்பட்டதா ஆகிய வினாக்களும் மதிப்பீட்டின் உறுப்புகளாதல் வேண்டும். அவ்வாறு விரிவடையும்போதே அளவுகோல் நிபுணரின் செயற்றிறனை அளப்பதோடு நில்லாது, நோயாளிக்குப் பொறுப்புக்கூறும் கருவியாகவும் அமையும்.