உரிமைத் தொகையின் படிவம்

2023 செப்டம்பர் 15 அன்று தமிழ்நாடு அரசு தொடங்கிய கலைஞர் மகளிர் உரிமைத் தொகை, பெண்களின் ஊதியமில்லா உழைப்புக்கான அங்கீகாரம் என்று அறிவிக்கப்பட்டது. மாதம் 1,000 ரூபாய், யாரிடமும் கேட்காமல் அவள் கணக்கிலேயே விழுவது சின்ன விஷயமல்ல. ஆனால் தகுதி விதிகள் அளந்தது குடும்பத்தின் சொத்தை. ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள், நன்செய் 5 ஏக்கருக்குள், மின்சாரம் 3,600 யூனிட்டுக்குள், கார் கூடாது. கார் பெரும்பாலும் கணவன் பெயரில்தான் இருக்கும், சாவியும் அவனிடம்தான். தொகையை இழப்பவள் மனைவி.

இதைவிட உறுத்துவது, ஒரு குடும்ப அட்டைக்கு ஒரே பயனாளி என்ற விதி. மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்படியில் வேகிறார்கள். யாருடைய உழைப்புக்கு அங்கீகாரம்? குடும்பமே ஒருவரைத் தேர்ந்துகொள்ளட்டும் என்றது அரசு. குடும்பத்தில் யார் தேர்வார்கள் என்பது நமக்குத் தெரியாததா?