ஓசையைக் கண்ணுக்குக் காட்டல்: குழந்தைப் படநூல்களில் இசையின் பன்மை

எழுத்தறியாத குழந்தைக்கு உரிய நூல் படநூல். குழந்தை அதனைப் பார்க்கிறது. பெரியவர் ஒருவர் படித்துக் காட்டக் கேட்கிறது. ஆகவே அந்நூலில் கண்ணும் செவியும் ஒருங்கே தொழிற்படுகின்றன. மரம், விலங்கு, வண்டி முதலியவற்றைப் படத்தால் அறிமுகம் செய்வதில் இடர்ப்பாடு இல்லை. இசையை அறிமுகம் செய்யப் புகும்போதோ நூல் தன் இயல்புக்கு மாறான ஒன்றை மேற்கொள்ளவேண்டியதாகிறது. தாளில் ஓசை இல்லை. இக்குறையை ஆசிரியரும் ஓவியரும் எவ்வாறு எதிர்கொண்டனர், இசை ஒன்றன்று, பல என்பதைக் குழந்தைக்கு எவ்வழியில் உணர்த்தினர் என்பதைச் சில நூல்களைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம்.

மிகுதியாகக் காணப்படுவது பட்டியல் வகை. பக்கத்திற்கு ஒரு கருவி, அதன் கீழே அதன் பெயர் என்ற அமைப்புடையது அது. தோல், துளை, நரம்பு, கஞ்சம் எனக் கருவிகளைப் பகுக்கும் மரபு நம்மிடம் உண்டு. நாட்டிய சாத்திரமும் நால்வகையாகவே பகுக்கிறது. 1914இல் ஹார்ன்போஸ்டெல், சாக்ஸ் ஆகிய இருவர் வகுத்த பகுப்பும் ஓசை பிறக்கும் முறையையே அடிப்படையாகக் கொண்டது. பட்டியல் நூல்கள் அந்தப் பிறப்பு முறையைக்கூட விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எடுத்துக்கொள்கின்றன. இதனால் விளையும் திரிபு சிறிதன்று. நாகசுரமும் ஷெனாயும் படத்தில் அளவால் மட்டுமே வேறுபட்டுத் தோன்றும். செவிக்கு அவை இரண்டு உலகங்கள். வயலின் என்ற ஒரு படத்திலோ, நின்றுகொண்டு தோளில் தாங்கி வாசிக்கும் மேலைநாட்டு இசையும், தரையில் அமர்ந்து கருவியின் தலைப்பகுதியைப் பாதத்தின்மேல் ஊன்றி வாசிக்கும் கருநாடக இசையும் ஒன்றாகிவிடுகின்றன. வேற்றுமை உள்ள இடத்தில் ஒற்றுமையைக் காட்டும் நூல் பன்மையைக் கற்பிப்பதாகச் சொல்லிக்கொள்வது பொருந்தாது.

பட்டியலும் நல்ல நூலாகலாம் என்பதற்கு, 1995இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘ஜின்! ஜின்! ஜின்! எ வயலின்’ சான்று. லாயிட் மாஸ் எழுத, மார்ஜரி பிரைஸ்மன் படம் வரைந்தார். டிராம்போன் தனியே ஒலிக்கத் தொடங்குகிறது. டிரம்பெட் வந்து சேர, ஒலி இரண்டாகிறது. இவ்வாறு ஒவ்வொரு கருவியாகக் கூடிப் பத்தாவதாக ஹார்ப் வந்தமர்கிறது. ஒவ்வொரு வருகையின்போதும் குழுவின் பெயர் மாறுகிறது. குழந்தை எண்ணக் கற்கிறது. அதனுடன், கருவி கூடுந்தோறும் இசையின் தன்மை மாறும் என்பதையும் உணர்கிறது. இயைபுத் தொடையமைந்த ஈரடிச் செய்யுளும், கருவியோடு சேர்ந்து உடலும் நெளியுமாறு வரையப்பட்ட படங்களும் பட்டியலின் வறட்சியைப் போக்குகின்றன. 1996இல் இந்நூல் கால்டெகாட் சிறப்பு நூலாகத் தெரிவு செய்யப்பட்டது. மேலைநாட்டுச் சேர்ந்திசை என்னும் ஒரே மரபின் எல்லைக்குள் நிற்கிறது என்பது உண்மையே. ஆனால் அது தன்னை உலக இசை என்று அழைத்துக்கொள்ளவில்லை. அந்த அடக்கம் பாராட்டத்தக்கது.

ஓசையையே வரைய முயன்ற நூல்கள் வேறு வகையின. எரிக் கார்லின் ‘ஐ சீ எ சாங்’ (1973) நூலில் கறுப்பாய் நிற்கும் வயலின் கலைஞர் வில்லை வைத்ததும் வண்ணங்கள் பிறந்து பெருகுகின்றன. வாசித்து முடித்து விடைபெறும்போது அவரே வண்ணமயமாகிவிடுகிறார். ரேச்சல் இசடோராவின் ‘பென்ஸ் டிரம்பெட்’ (1979) கறுப்பு வெள்ளையால் ஆனது. கையில் கருவியே இல்லாமல், கேட்ட ஜாஸ் இசையைக் காற்றில் ஊதிப் பார்க்கும் சிறுவன் ஒருவனின் கதை அது. ஓசை அங்கே கூரிய கோணல் கோடுகளாகப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு செல்கிறது.

கிறிஸ் ராஷ்காவின் ‘சார்லி பார்க்கர் பிளேய்டு பீ பாப்’ (1992) இவற்றுள் சிறந்தது என்பது என் கருத்து. பார்க்கரின் பிறப்பு, இறப்பு, புகழ் எதுவும் அதில் இல்லை. சில சொற்களே மீண்டும் மீண்டும் வருகின்றன, இடையில் முறிகின்றன, பொருளற்ற ஓசைகளாகித் திரும்பவும் சொற்களாகின்றன. உரக்கப் படிப்பவர் நா தாமாகவே அந்த இசையின் நடைக்குள் சென்றுவிடுகிறது. அதே ஆசிரியர் 1997இல் வெளியிட்ட ‘மிஸ்டீரியஸ் தெலோனியஸ்’ நூலில் பன்னிரு சுரங்களுக்கும் பன்னிரு வண்ணங்கள் பொருத்தப்பட்டுள்ளன. அறிவுநுட்பம் மிக்க அமைப்பு. எனினும் பெரியவர் எடுத்துரைத்தாலன்றி அப்பொருத்தம் குழந்தைக்குப் புலப்படாது. வாயால் இசையை உணர்த்திய நூலுக்கும் விளக்கத்தால் உணர்த்தவேண்டிய நூலுக்கும் உள்ள தொலைவு இது.

இந்தியச் சூழலில் இச்சிக்கலை நோக்கும்போது, படமும் பாட்டும் பிரியாத மரபுகள் இங்கு முன்னரே உள்ளமை தெரியவரும். வங்காளத்துப் பட்டுவர்கள் தாம் தீட்டிய சுருளை விரித்து, கட்டம் கட்டமாக விரலால் சுட்டிப் பாடுவர். இராசத்தானத்துப் போப்பாக்கள் பாபுஜியின் கதை தீட்டிய துணித்திரையின்முன் இராவணஹத்தாவை இசைத்து இரவில் பாடும்போது, பாடப்படும் பகுதியை விளக்கேந்திக் காட்டுபவர் துணைவியார். நடுவிந்தியாவின் பர்தான் கோண்டுகள் பானா என்னும் நரம்புக்கருவியோடு குலவரலாற்றைப் பாடிய பாணர்கள். அம்மரபில் வந்தோரே இன்று ஓவியராய்ப் புகழ்பெற்றுள்ளனர்.

சென்னையிலுள்ள தாரா பதிப்பகம் 2009இல் ஜாய்தேவ், மொய்னா சித்திரகார் ஆகிய பட்டுவர்களின் ‘சுனாமி’யை மடித்து விரிக்கும் சுருள் வடிவிலேயே வெளியிட்டது. பொருளால் அது மிகச் சிறு குழந்தைக்கு உரியதன்று; வடிவத்தால் நமக்கு வழிகாட்டுவது. அச்சில் பாட்டின் சொல் கிடைக்கும், மெட்டு கிடைக்காது என்பது உண்மையே. ஆயினும் விரிப்பவரின் கையும் சுட்டும் விரலும் ஒரு காலக்கணக்கைப் படத்திற்குக் கொடுக்கின்றன. பக்கம் புரட்டும் நூலில் இதனை எளிதில் பெறமுடியாது.

தமிழில் இத்தகைய நூல் எழுத விரும்புவோர்க்குத் தொல்காப்பியத்திலேயே ஒரு திட்டம் கிடைக்கிறது. அகத்திணையியல் கருப்பொருள்களை எண்ணுமிடத்தில் தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை ஆகியவற்றோடு பறையையும் யாழையும் வைக்கிறது. குறிஞ்சிக்குத் தொண்டகம், பாலைக்குத் துடி, முல்லைக்கு ஏறுகோட்பறை, மருதத்திற்கு நெல்லரிகிணை, நெய்தலுக்கு மீன்கோட்பறை எனப் பிற்கால இலக்கண மரபு விரிக்கும். ஏறு தழுவும்போதும், நெல் அரியும்போதும், மீன் பிடிக்கும்போதும் முழங்குவன என்று பெயர்களே தொழிலைச் சொல்கின்றன. நிலமும் தொழிலும் மாறும்போது இசையும் மாறும் என்பதைச் சிறு குழந்தையும் விளங்கிக்கொள்ளும். பட்டியல் நூல் தராத காரணத்தை இவ்வமைப்பு தருகிறது.

எந்த இசை நூலுக்குள் வருகிறது என்பதோடு, அதனை யார் இசைப்பதாக வரையப்படுகிறது என்பதும் கருதத்தக்கது. மார்கரிட்டா எங்கிள் எழுதி ரஃபேல் லோப்பஸ் ஓவியம் தீட்டிய ‘டிரம் டிரீம் கேர்ள்’ (2015), பெண்கள் முரசு கொட்டலாகாது என்ற தடையிருந்த கியூபாவில் 1930களில் அத்தடையை மீறிய மில்லோ காஸ்ட்ரோ சல்தாரியாகாவின் வாழ்வைத் தழுவியது. நம் நாட்டில் திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள் மிருதங்கத்திலும், மதுரை எம். எஸ். பொன்னுத்தாய் நாகசுரத்திலும் இத்தகைய வரலாற்றை உடையவர்கள். பறையின் நிலை இதனினும் கடுமையானது. சாதி சுமத்திய கட்டாயத் தொழிலாகவும் சாவுக்குரிய ஓசையாகவும் அது ஒதுக்கப்பட்டது. பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. வீணையை வீட்டிற்குள்ளும் தவிலைக் கோயிலிலும் வரைந்துவிட்டுப் பறையைத் திருவிழாக் கூட்டத்தின் மூலையில் அரைகுறையாக வரையும் ஓவியம், எது இசை என்னும் தீர்ப்பைச் சொல்லாமலே சொல்லிவிடுகிறது. ஐந்து வயதில் கண்ட படம் பிற்காலத்துப் பாடநூலைவிட ஆழமாகப் பதியும். தீர்ப்பும் அதனோடு பதியும்.

இறுதியாக மொழிபெயர்ப்பு. ஒரே படங்களை வைத்துக்கொண்டு பல இந்திய மொழிகளில் உரையை மட்டும் மாற்றி வெளியிடும் முறை இன்று வழக்கில் உள்ளது. இசைபற்றிய நூலில் உரைதான் ஓசை. அது பொருளளவில் பெயர்க்கப்பட்டால் நூல் ஊமையாகும். தமிழ் மொழிபெயர்ப்பாளருக்கு வளம் குறைவில்லை. இரட்டைக்கிளவிகள் உள்ளன, தகிட என்று மூன்றும், தகதிமி என்று நான்குமாக நடக்கும் தாளச் சொற்கட்டுகள் உள்ளன. தவிலையும் டோலக்கையும் படத்தில் பிரித்தறியாத குழந்தை, அவற்றின் சொற்களைத் தாய் வாய்விட்டுச் சொல்லும்போது பிரித்தறியும்.

ஆனால் நம் எழுத்தில் ஓர் இடர் உண்டு. தபலாவில் இடக்கையின் ஆழ்ந்த ஒலியோடு கூடிய சொல்லும் அவ்வொலி இல்லாத சொல்லும் தேவநாகரியில் வெவ்வேறு எழுத்துகளால் எழுதப்படுகின்றன. தமிழில் இரண்டும் ‘தா’ என்றே நிற்கும். பதினாறு மாத்திரையுள்ள தீன்தாளத்தின் மூன்றாம் பகுதியில் அந்த ஆழ்ந்த ஒலி விலகுவதே தாளத்தின் அழகு. தமிழ்ப் பக்கத்தில் அவ்விலகல் காணாமற்போகும். இடக்கை ஒலி சேர்ந்த சொற்களைத் தடித்த பெரிய எழுத்திலும் ஏனையவற்றை மெல்லிய எழுத்திலும் அச்சிட்டால், படித்துக்காட்டுபவர் குரலைத் தாழ்த்தியும் உயர்த்தியும் அதனை மீட்டுக்கொள்வார். அதற்கு ஓவியர் தாளச் சொற்களைப் படத்திற்குள் தீட்டிவிடாமல், ஒவ்வொரு மொழியும் தன் எழுத்தில் எழுதிக்கொள்ள வெற்றிடம் விட்டு வரையவேண்டும்.