பேசுவோர் இல்லாத மொழிகள்

தர்க்கப் புதிர்களில் மனம் செலுத்தும் பதின்வயதினரை மொழியியலுக்குள் கொண்டுவர மொழியியல் ஒலிம்பியாட்டைவிட நல்ல வழி இல்லை என்று அதன் ஆதரவாளர்கள் சொல்கிறார்கள். அவர்கள் காட்டும் காரணங்கள் பொய்யல்ல. சர்வதேச மொழியியல் ஒலிம்பியாட்டின் தனிநபர் சுற்றில் ஆறு மணி நேரத்தில் ஐந்து புதிர்கள். கேள்விப்பட்டே இராத மொழியில் சில வாக்கியங்களும் அவற்றின் பொருளும் தரப்படும். விதியைத் தானே கண்டுபிடிக்க வேண்டும், விடையோடு விளக்கமும் எழுத வேண்டும். மனப்பாடம் அங்கே செல்லாது. பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட முடியாத பிள்ளையும் உட்கார்ந்து யோசிக்கலாம். இலக்கணம் என்றாலே சூத்திரம் ஒப்பிப்பது என்று பழகிய நம் வகுப்பறைகளுக்கு இது பெரிய விடுதலை. இவ்வளவையும் ஒப்புக்கொண்டபின், இதை மொழியியல் என்று அழைப்பதுதான் எனக்குச் சம்மதமில்லை.

இந்தப் போட்டி பிறந்த இடத்தைப் பார்த்தால் காரணம் விளங்கும். 1965இல் மாஸ்கோவில் இதன் முன்னோடியான ஒலிம்பியாட் தொடங்கியபோது முன்நின்றவர்களில் ஒருவர் விளாதிமிர் உஸ்பென்ஸ்கி என்ற கணிதவியலாளர். கணித ஒலிம்பியாட்டின் அச்சிலேயே இதுவும் வார்க்கப்பட்டது: தேவையான தரவெல்லாம் தாளிலேயே இருக்க வேண்டும், விடை ஒன்றாகவே இருக்க வேண்டும். மொழி இந்த இரண்டு நிபந்தனைக்கும் அடங்காது. தமிழிலேயே ஒரு புதிர் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். ‘மாடு வந்தது’, ‘மாடுகள் வந்தன’ என்று தந்தால், கெட்டிக்காரப் பிள்ளை அஃறிணைப் பன்மைக்கு வினைமுற்று மாறும் விதியை ஐந்தே நிமிடத்தில் பிடித்து முழு மதிப்பெண் வாங்கிவிடும். ஆனால் ஊரில் மாட்டை ஓட்டி வருகிறவர் ‘மாடுங்க வந்துச்சு’ என்கிறார். மாடு ஒன்றானாலும் பத்தானாலும் வினை அதேதான். இன்னும் சிலர் ‘வந்துச்சுங்க’ என்று பன்மையைக் காட்டவும் செய்கிறார்கள். யார், எப்போது, யாரைப் பற்றிப் பேசும்போது அப்படிச் சொல்கிறார்கள் என்பது மொழியியலின் உண்மையான கேள்வி. புதிர் அமைப்பவரோ முதலில் களைந்து எறிவது அந்த ‘வந்துச்சுங்க’வைத்தான், அது இருந்தால் விடை ஒன்றாக இராது. மொழியில் எது ஆராயத் தக்கதோ அதையே பிழையென ஒதுக்கிவிட்டு, மிஞ்சியதை மொழி என்று பிள்ளைகளிடம் நீட்டுகிறோம்.

ஒலியும் இப்படித்தான் காணாமற்போகிறது. நீலகிரியின் தோடா மொழியில் சகரத்தின் சாயலுள்ள நான்கு விதமான உரசொலிகள் நாக்கின் நிலையைப் பொறுத்து வேறுபடுகின்றன. தாளில் அவை நான்கு குறியீடுகள். காதில் விழுந்தால்தான் பிரித்தறிவதன் பாடு தெரியும். 1930களில் மொழியியலாளர் மர்ரே எமனோ தோடர்களிடமும் அதே மலையின் கோத்தர்களிடமும் போய் உட்கார்ந்து கேட்டு எழுதினார். அடுத்து எதைக் கேட்பது என்ற தேர்வு அவருடையது. அந்தத் தேர்வுதான் இந்தத் துறையின் மூளை வேலை. ஒலிம்பியாட்டில் கேள்வி கேட்கும் உரிமை மாணவருக்கு இல்லவே இல்லை.

இது வெறும் வாசல்தானே, மற்றதைப் பல்கலைக்கழகத்தில் கற்றுக்கொள்வார்களே என்று கேட்கலாம். ஆனால் நம் பள்ளிப் பாடத்திட்டத்தில் மொழியியல் தனிப்பாடமாக இல்லை. இந்தப் புதிர்களைத் தீர்க்கிற பிள்ளைகளுக்குக் கணினியும் பொறியியலும் திறந்தே கிடக்கின்றன. அவர்களில் பலருக்கு மொழியியல் என்பது அந்த வாசலோடு முடிந்துவிடும். மொழி என்பது உடைக்க வேண்டிய சங்கேதம் என்ற எண்ணம் மட்டும் கடைசிவரை தங்கும். தோடாவையும் கோத்தாவையும் யுனெஸ்கோ மிகக் கடுமையான அழிவாபத்தில் உள்ள மொழிகளாகப் பட்டியலிட்டிருக்கும் காலத்தில், அவற்றைப் பேசுகிறவர் ஒருவரும் நினைவுக்கு வராமலே ஒரு மொழியைத் ‘தீர்த்துவிடலாம்’ என்று பழக்குவது எனக்குச் சிறிய குறையாகத் தெரியவில்லை.

பேச்சு வழக்கைத் தேர்வில் வைத்தால் நியாயமாக மதிப்பெண் போட முடியாது என்பது அடுத்த வாதம். முடியும். இரண்டு வேறு விதிகளுக்கு இடம்கொடுக்கும் தரவைத் தந்து, எது சரி என்று தீர்மானிக்க அந்த மொழிக்காரரிடம் இன்னும் எந்த வாக்கியத்தைக் கேட்பாய் என்று வினவலாம். அதற்கும் தர்க்கம்தான் வேண்டும். கூடவே, தாளுக்கு வெளியே ஒரு மனிதர் இருக்கிறார் என்ற நினைப்பும் வேண்டும். சர்வதேசக் குழு மாறும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. 2016இல் மைசூருவில் இந்தப் போட்டியை நடத்திய நாடு இது. ஒன்பதாம் வகுப்புத் தமிழாசிரியர்கள் நினைத்தால் நாளைக்கே தொடங்கலாம்: வினைமுற்றுப் பாடம் நடத்தும் வாரத்தில், வீட்டிலும் தெருவிலும் பத்துப் பேர் அஃறிணைப் பன்மையை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதிவரச் சொல்லுங்கள்.