பெயர் வரிசை
(ராபர்ட் கனிகெலின் 'அப்ரென்டிஸ் டு ஜீனியஸ்' நூலை முன்வைத்து)

சித்தி மகள் உள்ளூர்ப் பல்கலைக்கழகம் ஒன்றில் மூன்றாம் ஆண்டு பொறியியல் படிக்கிறாள். போன மாதம் வாட்சப்பில் ஒரு கோப்பு அனுப்பினாள். அடுத்த ஆண்டுக்கான ஆய்வுத்திட்டத் தலைப்புகள், மொத்தம் 62. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு விரிவுரையாளரின் பெயர். கீழே ஒரே வரி: "அண்ணே, இதுல எது ஈசி?"

நானும் என் சீனியர்களிடம் இதைத்தான் கேட்டேன். எஃப்.ஒய்.பி. என்று எல்லாரும் சொல்லும் இறுதியாண்டு ஆய்வுத்திட்டம் இல்லாமல் மலேசியாவில் அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டம் கிடையாது. பொதுவாக இரண்டு பருவம். ஒரு மாணவன், ஒரு மேற்பார்வையாளர், விடை தெரியாத ஒரு கேள்வி. எங்களில் பலருக்கு ஆய்வு என்ற ஒன்றோடு நேருக்கு நேர் பழக்கம் ஏற்படுவது அந்த ஓர் ஆண்டு மட்டும்தான். அது முடியும்போது பாதை பிரிகிறது. ஒன்று தொழிற்சாலை, இன்னொன்று மாஸ்டர்ஸ். இவ்வளவு பெரிய விஷயத்தை நாங்கள் தேர்ந்தெடுத்த விதம், "அந்த டாக்டர் ரொம்ப கேள்வி கேக்க மாட்டார்" என்பதை வைத்து.

தங்கைக்கு உடனே பதில் போடவில்லை. அப்போது கையில் இருந்த புத்தகம் அதைத் தடுத்தது.

ராபர்ட் கனிகெலைத் தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்திருக்கும். ராமானுஜனின் வாழ்க்கையை 1991-இல் எழுதியவர். அதற்கு ஐந்து ஆண்டு முன்பு, 1986-இல், அவர் எழுதிய 'அப்ரென்டிஸ் டு ஜீனியஸ்' நம் பக்கம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. நான்கு அமெரிக்க விஞ்ஞானிகளின் கதை அது. பெர்னார்ட் பிராடி, அவரிடம் வேலை கற்ற ஜூலியஸ் ஆக்சல்ராட், அவரிடம் கற்ற சாலமன் ஸ்னைடர், அவரிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்த கேண்டஸ் பெர்ட். ஒருவர் கையைப் பிடித்து ஒருவர். அறிவியலில் உண்மையில் கைமாறுவது பாடப்புத்தகத் தகவல் அல்ல, எந்தக் கேள்வியைக் கையில் எடுப்பது, எதை விடுவது என்கிற ருசிதான் என்பது கனிகெலின் வாதம்.

கதையின் தொடக்கம் நமக்குத் தூரமானதல்ல. இரண்டாம் உலகப் போரில் ஜப்பான் ஜாவாவைப் பிடித்ததும் நேச நாடுகளுக்குக் கொய்னா வரத்து நின்றுபோனது. மாற்றாக இருந்த அட்டாப்ரின் மாத்திரை குமட்டும், தோலை மஞ்சளாக்கும், சிப்பாய்கள் விழுங்க மறுப்பார்கள். நியூயார்க்கின் கோல்டுவாட்டர் மருத்துவமனையில் ஜேம்ஸ் ஷானன் தலைமையிலான குழு இதை எடுத்துக்கொண்டது. பிராடியும் இளம் சிட்னி உடன்ஃபிரெண்டும் அந்த மருந்து ரத்தத்தில் எவ்வளவு இருக்கிறது என்று அளக்க வழி கண்டார்கள். முதலில் பெரிய அளவாகவும் பிறகு சிறிய அளவாகவும் கொடுத்தால் போதும் என்று தெரிந்தது. மலேரியாவில் மடிந்த தோட்டத் தலைமுறையின் வாரிசாக இந்த அத்தியாயத்தை நான் இரண்டு முறை படித்தேன்.

புத்தகத்தின் சிறந்த பகுதி 1946-இல் ஆக்சல்ராட் பிராடியைச் சந்திக்கப் போவது. அப்போது ஆக்சல்ராடுக்கு வயது 33. மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைக்காதவர். உணவில் சேர்க்கும் வைட்டமின்களைச் சோதிக்கும் ஒரு கூடத்தில் பதினொரு வருடமாக வேலை. இராப்படிப்பில் ஒரு மாஸ்டர்ஸ். அங்கே நடந்த விபத்தில் ஒரு கண் பார்வையும் போயிருந்தது. வலி மருந்து ஒன்றைச் சாப்பிடும் சிலருக்கு ரத்தம் ஏன் கெடுகிறது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு அவர் தலையில் விழுந்தது. இதில் அனுபவம் இல்லாததால் பிராடியைப் போய்ப் பார்க்கச் சொல்கிறார்கள். பிராடி தூக்கிக் கொடுத்தது ஒரே ஒரு யோசனை: உடம்புக்குள் போன மருந்து அப்படியே இருக்குமா என்ன? வேறு ஏதோவாக மாறியிருக்கும். அது என்ன என்று தேடு.

தேடினார்கள். அசிடனிலைட் என்ற அந்த மருந்தில் ஒரு சிறு பகுதி அனிலீனாக மாறி ரத்தத்தைக் கெடுத்தது. பெரும்பகுதி வேறொன்றாக மாறி வலியைத் தணித்தது. அந்த வேறொன்றுதான் பராசிட்டமால். வேதியியலாளர்களுக்கு ஏற்கனவே தெரிந்திருந்த பொருள்தான். ஆனால் அதை நேராகவே கொடுக்கலாம் என்று தெளிவானது இங்கேதான். நம் வீட்டு அலமாரியில் கிடக்கும் பனடோலுக்குப் பின்னால் இந்த உரையாடல் இருக்கிறது. 1948-இல் வந்த கட்டுரையில் பெயர்கள் இரண்டு: முதலில் பிராடி, பிறகு ஆக்சல்ராட்.

இந்தச் சந்திப்பைப் படித்தபோது எனக்கு என் மேற்பார்வையாளர் ஞாபகம் வந்தார். நான் எடுத்த தலைப்பு ஈயம் கலக்காத சோல்டர் இணைப்புகள் பற்றியது. சூடும் குளிருமாக மாற்றி மாற்றிப் போட்டால் எங்கே விரிசல் விடுகிறது என்று பார்க்கவேண்டும். இணைப்பை அறுத்து, பிசினில் பதித்து, உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடிபோல ஆக்கி நுண்ணோக்கியில் வைக்கவேண்டும். மூன்று வாரத்தில் 17 விரிசல் கண்டுபிடித்துப் பெருமையாகப் படங்களை நீட்டினேன். டாக்டர் ஒன்றும் சொல்லவில்லை. துண்டைத் தொண்ணூறு பாகை திருப்பி மறுபடியும் தேய்த்துக்கொண்டு வரச் சொன்னார். தேய்த்தேன். 11 விரிசல் மறைந்துவிட்டது. அதெல்லாம் என் உப்புத்தாள் போட்ட கீறல்.

நாலு வருடப் படிப்பில் எனக்கு யாரும் சொல்லித்தராத ஒன்றை அந்த அம்மா ஒரு மத்தியானத்தில் சொல்லித்தந்தார். நான் பார்ப்பது பொருளில் இருக்கிறதா, நான் அதைத் தொட்ட விதத்தில் இருக்கிறதா? இன்றைக்கும் பாயான் லெப்பாசில் இதை வைத்துத்தான் சம்பளம் வாங்குகிறேன். அதனால் ருசி கைமாறுகிறது என்று கனிகெல் சொல்வதை நான் மறுக்கப்போவதில்லை. எனக்கே நடந்திருக்கிறது.

என் சிக்கல் அவர் சொல்லாமல் நகரும் இடத்தில்.

1950-களின் தொடக்கத்தில் கல்லீரலில் மருந்துகளை உடைக்கும் நொதிகளை ஆக்சல்ராட் தன் சொந்த முயற்சியில் கண்டுபிடிக்கிறார். பிராடி தன் கூடம் முழுவதையும் அதில் இறக்கிவிடுகிறார். 1955-இல் 'சயன்ஸ்' இதழில் வந்த கட்டுரையில் ஏழு பெயர்கள். முதல் பெயர் பிராடி. ஆக்சல்ராட் கசந்துபோய் வெளியேறினார். முனைவர் பட்டம் இல்லாமல் பதவி உயர்வு கிடையாது என்பதால், ஏற்கனவே வெளியான தன் கட்டுரைகளையே ஆய்வேடாகக் கொடுத்து அதே ஆண்டு பட்டமும் வாங்கினார். 1970-இல் அவருக்கு நோபல். பிராடிக்குக் கடைசிவரை இல்லை. அடுத்த சுற்று இன்னும் மோசம். மூளையில் அபின் வகை மருந்துகள் பற்றிக்கொள்ளும் இடத்தைக் காட்டிய 1973-ஆம் ஆண்டுக் கட்டுரையில் முதல் பெயர் பெர்ட், இரண்டாவது ஸ்னைடர். 1978-இல் லாஸ்கர் விருது ஸ்னைடருக்கும் வேறு இருவருக்கும் போனது. பெர்ட் எதிர்ப்புக் கடிதம் எழுதினார், விழாவுக்குப் போகவில்லை.

கனிகெல் இதையெல்லாம் மறைக்கவில்லை. நேர்மையாகவே எழுதுகிறார். ஆனால் எழுதும் தொனி, பெரிய குடும்பத்தில் அப்பாவுக்கும் பிள்ளைக்கும் வந்த மனஸ்தாபத்தைச் சொல்லும் தொனி. துணைத்தலைப்பிலேயே 'டைனஸ்டி' என்று போட்டுவிட்டார் அல்லவா, அரச வம்சம். வம்சக் கதையில் சண்டைகூட வம்சத்துக்குப் பெருமைதான். 1997-இல் பெர்ட் தானே எழுதிய 'மாலிக்யூல்ஸ் ஆஃப் இமோஷன்' நூலில் இதே சம்பவங்களுக்கு வேறு வெளிச்சம். இந்த ஆய்வை நிறுத்தச் சொல்லி ஸ்னைடர் கூறியதாகவும், அதை மீறிக் கடைசியாகச் செய்த சோதனைதான் பலித்தது என்றும் அவர் எழுதுகிறார். அது அவர் தரப்பு. ஆனால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால் கனிகெல் நூலின் ஓட்டை தெரிகிறது. நள்ளிரவு வரை ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து யோசிக்கும் நெருக்கத்தில்தான் ருசி கைமாறுகிறது. யோசனை யாருடையது என்பது கலங்கிப்போவதும் அதே நெருக்கத்தில்தான். முதலாவதைக் கொண்டாடும் கனிகெல் இரண்டாவதைத் தனிமனிதர்களின் குணக்கோளாறாக ஒதுக்கிவிடுகிறார்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பட்டம் வாங்கி எட்டு மாதம் கழித்து, மாநாட்டுக் கட்டுரை ஒன்று கண்ணில் பட்டது. உள்ளே என் படங்கள். மிஞ்சிய ஆறு விரிசலும் இருந்தன. ஆசிரியர் வரிசையில் மூன்று பெயர்கள், என் பெயர் இல்லை. கடைசியில் நன்றி சொல்லும் வரியில் இருந்தது, அதிலும் ஓர் எழுத்துப் பிழை. அதே வாரம் டாக்டரிடமிருந்து மின்னஞ்சல். ஆய்வு உதவியாளர் இடம் இருக்கிறது, மாதப்படி உண்டு, மாஸ்டர்ஸ் பதிந்துகொள்கிறாயா?

பி.டி.பி.டி.என். கடன் இருந்தது, அப்பா ஓய்வு பெற்றிருந்தார், வேலை நிரந்தரமாகியிருந்தது. இதையெல்லாம் சொல்லி மறுத்தேன். எல்லாம் உண்மைதான். ஆனால் ஆறு வருடமாக வீட்டிலும் நண்பர்களிடமும் இதை மட்டுமே காரணமாகச் சொல்லிவந்தேன். அந்தக் கட்டுரையைப் பற்றி டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறந்திருக்கலாம், எஃப்.ஒய்.பி. மாணவன் பெயர் போடும் வழக்கம் அந்தத் துறையிலேயே இல்லாமல் இருந்திருக்கலாம். கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். என் கீறலையும் விரிசலையும் பிரித்துக்காட்டியவரிடம் இதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

இதனால்தான் 'குரு பரம்பரை' நூல்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். ஹாரியட் ஸக்கர்மன் 1977-இல் எழுதிய ஆய்வின்படி, 1972 வரை அமெரிக்காவில் நோபல் பெற்ற 92 விஞ்ஞானிகளில் 48 பேர் தங்களுக்கு மூத்த நோபல்காரர்களிடம் வேலை கற்றவர்கள். கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் எங்கள் லைனில் பாஸான சில்லுகளை மட்டும் எண்ணிவிட்டு மெஷின் நல்ல மெஷின் என்று அறிக்கை கொடுத்தால் சூப்பர்வைசர் என்னை வெளியே அனுப்பிவிடுவார். ஃபெயிலான சில்லு எத்தனை? அந்த மேதைகளிடம் சேர்ந்து, இரண்டு வருடத்தில் வீட்டுக்குப் போனவர்கள் எத்தனை பேர்? கனிகெல் நூலில் அவர்கள் தலைகாட்டிவிட்டு மறைகிறார்கள்.

இந்த இடத்தில் உ.வே.சாமிநாதையரின் 'என் சரித்திரம்' நினைவுக்கு வராமல் இருக்காது. தமிழில் ஒரு மாணவன் ஆசிரியரைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுதிய நூல் வேறு எது? 1871-இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் சேர்கிறார். 1876-இல் பிள்ளை மறையும்வரை கூடவே இருக்கிறார். ஏடு படிக்கும் பழக்கம், நினைவாற்றல், உழைப்பு எல்லாம் அங்கே கிடைத்தவை. ஆனால் அவர் வாழ்க்கையைத் திருப்பிய கேள்வி அங்கே கிடைக்கவில்லை. ஆசிரியர் போய் நாலு வருடம் கழித்து, 1880-இல், கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசுவாமி முதலியார் கேட்டது அது. படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் இவர் அடுக்க, முதலியார் அசையாமல் இருந்துவிட்டு, சிந்தாமணி படித்ததுண்டா என்கிறார். படித்ததில்லை. ஏழு வருடத்தில் சிந்தாமணி பதிப்பு வந்துவிட்டது.

குருவிடம் கை பழகியது, கேள்வி வெளியிலிருந்து வந்தது. கனிகெலின் சங்கிலியில் முதலியாருக்கு இடமே இல்லை. இத்தனைக்கும் அவர் நூலிலேயே ஒருவர் இருக்கிறார்: ஆக்சல்ராடை பிராடியிடம் அனுப்பிவைத்த ஜார்ஜ் வாலஸ். வைட்டமின் கூடத்தை நடத்தியவர். வந்து, அனுப்பிவிட்டு, போய்விடுகிறார். அவர் இல்லாவிட்டால் வம்சமே இல்லை.

குறைகளை இவ்வளவு சொன்னாலும் நூலைப் படிக்கச் சொல்வேன். வேதியியலை இவ்வளவு எளிதாகவும் மனிதர்களை இவ்வளவு உயிரோடும் எழுதத் தெரிந்தவர்கள் குறைவு. மாஸ்டர்ஸ், பிஎச்.டி. என்று யோசிப்பவர்கள், ஆக்சல்ராட் பட்டம் வாங்கியபோது அவருக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது என்பதையாவது மனதில் போட்டுவைக்கலாம். எனக்கு இன்னும் பன்னிரண்டு வருடத்துக்கு மேல் இருக்கிறது (கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன்).

ஒரு வாரம் கழித்துத் தங்கைக்குப் பதில் போட்டேன். "தலைப்ப விடு. உனக்குப் புடிச்ச மூனு பேர எடு. அவங்ககிட்ட முன்ன செஞ்ச பசங்க யாருன்னு கண்டுபுடிச்சு ஃபோன் பண்ணு. என்ன கத்துக்கிட்டாங்க, பேப்பர் வந்துச்சா, வந்தா யாரு பேருன்னு கேளு." அவள் ஒரு சலித்த முகத்தை அனுப்பினாள். "ஈசியான்னு கேட்டா வேல குடுக்கிறீங்க."

நேற்று ராத்திரி மறுபடி செய்தி வந்தது. மூன்று பேரில் இரண்டு பேர் ஃபோனை எடுத்தார்களாம். ஓர் அக்கா ஒன்றரை மணி நேரம் பேசினாராம். என்ன பேசினார் என்று இன்னும் சொல்லவில்லை. "நேர்ல வாங்க, சொல்றேன். அப்புறம் அந்தப் புத்தகத்தையும் கொண்டு வாங்க."