கற்பனையும் கட்டளையும்

அன்பு ஒருவர் ஏவ எழுவதன்று. ஏவலோ அன்பிலார் வாயினின்றும் வரலாம். ஆதலின் இவ்விரண்டனையும் ஒருங்கு வைத்தெண்ணுதல் பலர்க்கு அரிதாகின்றது. கிறித்தவ சமயமோ, இறைவன் மாந்தர்க்கு விதித்த விதிகள் அவனது அன்பின் வெளிப்பாடே எனவும், அவற்றைக் கைக்கொண்டொழுகுதலே மாந்தர் அவன்பாற் செலுத்தும் அன்பு எனவும் கூறுகின்றது. இக்கூற்று எத்துணைப் பொருத்தமுடைத்து என்பதை, அதனைத் தமிழிற் கொணர்ந்த சொற்களின் வழிநின்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். யான் சைவன், ஆதலின் ஈண்டுக் கூறுவன புறத்தே நின்று நோக்குவான் ஒருவன் கூற்றாகவே கொள்ளப்படுதல் வேண்டும்.

இவ்வாராய்ச்சிக்கு வித்திட்டது கல்கிசையில் ஒரு வகுப்பறை. கொழும்பின் தென்பாகத்துத் தமிழ் வகுப்புக்களிலே சைவப் பிள்ளைகளும் கத்தோலிக்கப் பிள்ளைகளும் ஏனைத் திருச்சபைப் பிள்ளைகளும் ஒரே வாங்கில் அமர்ந்திருப்பர். அன்றைய பாடம் கவிதையிற் கற்பனை என்பது. உள்ளதை உள்ளவாறு கூறாது புலவன் தன் உளத்தாற் படைத்துக் கூறுவதே கற்பனை என யான் விளக்கிக்கொண்டிருந்தபோது, மாணவி ஒருத்தி எழுந்து, தன் பாட்டியார் நாடோறும் வாசிக்கும் பழைய வேதப் புத்தகத்திலே 'பத்துக் கற்பனைகள்' என்றிருக்கின்றதே, அவையும் ஒருவர் படைத்துக் கூறியனவோ என வினவினாள். வகுப்பு நகைத்தது. அவள் நகையாட வினவினாளல்லள். அக்கற்பனை வேறு, இக்கற்பனை வேறு என விரைந்து விடையிறுத்து மேற்சென்றேன். காலி வீதியிற் பேருந்தில் வீடு திரும்புகையில், அவ்விடை அரைகுறை விடையென்பது எனக்கே விளங்கிற்று.

வடமொழிக் 'கல்பனா' தமிழிற் கற்பனையாகிப் புனைவைக் குறித்தது. வேதப் புத்தகத்துக் கற்பனையோ 'கற்பி' என்னும் வினையோடு ஒட்டி நிற்பது. பழைய மொழிபெயர்ப்பில் உபாகமத்தின் ஆறாம் அதிகாரத் தொடக்கத்தை நோக்குக. அங்கே கற்பனை, கட்டளை, நியாயம் என மூன்று சொற்கள் அடுக்கி வருகின்றன. அவற்றை இறைவன் விதித்தான் என்பதற்குக் 'கற்பித்த' என்னும் சொல்லே ஆளப்பட்டுள்ளது. மோசே அவற்றை மக்களுக்கு எடுத்துரைத்தலைப் 'போதித்தல்' எனப் பிறிதொரு சொல்லாற் குறிப்பர். எனவே கற்பித்தல் என்பது ஓதுவித்தல், ஏவுதல் என்னும் இரு பொருளையும் ஒருங்கே தாங்கி நின்ற காலமொன்று உண்டு என்பது பெறப்படும். ஏவுவான் ஒருவனையும் கற்பிப்பான் ஒருவனையும் ஒரே சொல்லிற் காட்டிய மொழி, ஏவலுக்கும் அன்புக்கும் இடையே உள்ள தூரத்தைப் பாதி கடந்துவிட்டது என்றே யான் கருதுவேன். ஆசிரியத் தொழில் செய்வார்க்கு இது விளங்காமற் போகாது. வாய்பாட்டை மனனஞ் செய்க என்னும் ஏவல் மாணவன்மீதுள்ள வெறுப்பினால் எழுவதன்று. ஆயினும் அவன் அதனை அன்றைக்கு அன்பென்று கொள்வதுமில்லை.

எபிரேய மொழியில் மோசேயின் நூலுக்குரிய 'தோரா' என்னும் பெயரும் அடியிற் போதனை என்னும் பொருளுடையதே. கிரேக்கத்தில் அதனைப் பெயர்த்தோர் சட்டத்தைக் குறிக்கும் 'நோமொஸ்' என்னும் சொல்லை இட்டனர். தமிழிலே 'நியாயப்பிரமாணம்' என வழங்குவது அக்கிரேக்க வழி வந்ததாகும். பத்துக் கற்பனைகளும் எபிரேயத்திற் பத்து வார்த்தைகள் என்றே சுட்டப்படும். (அப்பத்தினைப் பகுத்தெண்ணும் முறையிற் கத்தோலிக்கரும் ஏனையோரிற் பலரும் வேறுபடுவர், எத்தனையாவது கற்பனை எது என்று என் மாணவர் இருவர் வாதிட்டபோது இருவர் கூற்றும் சரியாயிருந்தது.)

சொல்லினும் சிறந்த சான்று அவ்வார்த்தைகள் நின்ற இடமாகும். யாத்திராகமம் இருபதாம் அதிகாரத்திலே முதலில் வருவது விதியன்று. எகிப்தின் அடிமைத்தனத்தினின்றும் உங்களை மீட்டவன் யானே என்று இறைவன் தன்னை அறிமுகஞ் செய்துகொள்வதே முதலில் வருகின்றது. மீட்பு முன், விதி பின். விதிகளைக் கைக்கொண்டால் மீட்பேன் என்று அவன் கூறினானல்லன். கிறித்தவர் தம் கொள்கை முழுவதற்கும் இவ்வைப்பு முறையையே அடிப்படையாகக் கொள்ளலாம். அடிமைக்கு ஓய்வு நாள் இல்லை. ஏழாம் நாளில் ஓய்ந்திருக்க என்னும் விதி, மகனுக்கும் மகளுக்கும் மட்டுமன்றி வேலைக்காரனுக்கும் அந்நியனுக்கும் மாட்டுக்கும் ஓய்வளிக்கின்றது. எகிப்திலே செங்கல் அறுத்தோர் செவியில் அது சுமையாக ஒலித்திருக்குமோ?

புதிய ஏற்பாட்டில் யோவான் சுவிசேடம் இதனை மேலும் நெருக்கமாக்குகின்றது. பிரியுமுன் இரவில் இயேசு தம் சீடரிடம், தம்மீது அன்புடையார் தம் கற்பனைகளைக் கைக்கொள்வர் என்கின்றார்; தாமும் தம் பிதாவின் கற்பனைகளைக் கைக்கொண்டே அவரன்பில் நிலைத்திருப்பதாகக் கூறுகின்றார். கற்பனை தருபவரே கற்பனைக்கு உட்பட்டும் நிற்கின்றார் என்பது ஈண்டு நோக்கற்பாலது. யோவானின் முதலாம் நிருபமோ அவை பாரமானவை அல்ல என்று துணிந்துரைக்கின்றது.

இங்கே ஒரு தடை எழும். அன்பு செய்க என்று ஏவுதல் இயலுமோ? 1788 இல் வெளிவந்த தம் நூலொன்றிலே செருமானிய மெய்யியலார் கான்ற் இதனை எழுப்பினார். உள்ளத்து விருப்பாகிய அன்பை எவரும் எவருக்கும் விதித்தல் இயலாது. ஆதலின் விதிக்கப்படுவது, கடமையை மனமுவந்து செய்தலாகிய செயலன்பே என்பது அவர் கொண்ட முடிபு. இவ்விடை நன்று, ஆயினும் குளிர்ந்தது. லூக்கா சுவிசேடத்துச் சமாரியன் கதை இதனினும் நல்ல விடை. அடியுண்டு வழியிற் கிடந்தானொருவனைக் கண்டு அவன் முதலில் மனமுருகினான். பின்னர்க் காயங்களில் எண்ணெயும் திராட்சை இரசமும் வார்த்தான். தன் வாகனத்தில் ஏற்றிச் சத்திரத்திற் சேர்த்தான். இரண்டு பணம் கொடுத்து, மேலும் செலவாயின் திரும்பி வரும்போது தருவேன் என்றான். நியாயப்பிரமாணத்தை நன்கறிந்த ஆசாரியனும் லேவியனும் அவ்வழியே விலகிச் சென்றனர். விதி அவர்களிடம் இருந்தது. சமாரியனிடம் அது செயலாயிற்று.

இதுவரை நூலிற் கண்டதைக் கூறினேன். எம் நாட்டில் நிகழ்ந்தது பிறிது. யாழ்ப்பாணம் 1658 இல் ஒல்லாந்தர் வசமாயிற்று. அவர் ஆட்சியிலே திருமுழுக்கும் திருமணப் பதிவும் பதவியும் சமயத்தோடு பிணைக்கப்பட்டன. கோயிற்பற்றுத்தோறும் பள்ளிக்கூடம் அமைத்துப் பிள்ளைகளுக்குக் கர்த்தருடைய செபத்தையும் விசுவாசப் பிரமாணத்தையும் பத்துக் கற்பனைகளையும் மனனஞ் செய்வித்தனர். அக்காலத்து யாழ்ப்பாணத்தில் ஊழியஞ் செய்த பல்தேயஸ் பாதிரியார் 1672 இல் அம்ஸ்ரடாமில் வெளியிட்ட தம் நூலில் இப்பள்ளிகளை விரிவாக வருணித்துள்ளார். எம் முன்னோர் பகலிற் கற்பனைகளை ஒப்புவித்து, இரவில் விரதச் சோறுண்ட இலையைக் கூரையிற் செருகி மறைத்தனர் என்பது வழிவழி வரும் செய்தி. மீட்பு முன், விதி பின் என்னும் வைப்பு முறை இங்கே தலைகீழாயிற்று. மீட்டவன் வாயில் அன்பாக ஒலித்த சொல், தோம்பு எழுதுவான் வாயிற் கட்டளையாக ஒலித்தது. சொல் ஒன்றே; சொன்ன வாய் வேறு.

அதே ஒல்லாந்தர் காலத்தில் மற்றொன்றும் நிகழ்ந்தது. அவர்களாற் கத்தோலிக்கமும் தடைசெய்யப்பட்டிருந்தது. 1687 இற் கோவையிலிருந்து பிச்சைக்காரர் வேடத்தில் இலங்கையை அடைந்த யோசேவாஸ் அடிகள், குருவின்றி மறைவில் வாழ்ந்த கத்தோலிக்கரைச் சில்லாலையிலும் பிற ஊர்களிலும் தேடிச் சென்று தொண்டாற்றினார். 2015 இல் அவர் புனிதராகவும் உயர்த்தப்பட்டார். அக்கத்தோலிக்கரை ஏவுவார் எவருமிலர், விலக்குவாரே இருந்தனர். ஆயினும் அவர் கைக்கொண்டனர். கற்பனை அன்பின் வடிவம் என்னும் கூற்றுக்கு இந்நாட்டுத் தமிழர் வரலாற்றிற் சான்று தேடுவார், ஒல்லாந்தர் பள்ளிக்கூடங்களை விடுத்து அவ்விரவுக் கூட்டங்களையே நாடுதல் வேண்டும்.

சைவர்க்கு இக்கொள்கை புதிதன்று. மெய்கண்டார் சிவஞானபோதத்தின் இரண்டாஞ் சூத்திரத்தில் இறைவன் தன் 'ஆணை'யோடு நீக்கமின்றி நிற்பவன் என்றார், உரைகாரர் அவ்வாணையைச் சத்தி என்றே கொள்வர், சத்தியாவது அருள். இறைவனது ஆணையும் அருளும் இரண்டல்ல என்பது இதனால் விளங்கும். அருணந்தி சிவாசாரியரும், பிள்ளைகளை அடித்துத் திருத்தும் தாய்தந்தையரைக் காட்டி, இறைவன் ஒறுப்பதும் அன்பினாலேயே என நிறுவினார். அறக்கருணை, மறக்கருணை எனச் சைவர் வழங்குவது இதனையே.

இக்கருத்துக்குப் பெரியபுராணத்திற் சுந்தரர் வரலாற்றினும் சிறந்த இலக்கியமில்லை. மணப்பந்தரிலே முதியவர் ஒருவர் ஓலையோடு வந்து, நீ எனக்கு வழிவழி அடிமை என்று வழக்கிடுகின்றார். சுந்தரர் அவரைப் பித்தன் என்று இகழ்ந்து ஓலையைக் கிழித்தெறிகின்றார். திருவெண்ணெய்நல்லூர் அவையிலே மூல ஓலை காட்டப்பட, வழக்கிலே தோற்கின்றார். ஓலையினும் கடுமையான ஏவல் உண்டோ? ஆனால் அவ்வடிமையே பின்னர்த் தம்பிரான் தோழராகின்றார். அத்தோழர் திருவொற்றியூரில் சங்கிலியாரைப் பிரியேன் என்று செய்த சூளுறவைக் கடந்தபோது கண்ணிழந்தார். தோழமை பற்றி விதி தளர்த்தப்படவில்லை. கண்ணிழந்த பின்னும் அவர் ஊர்தோறும் சென்று முறையிட்டது அத்தோழனிடமே.

ஒற்றுமை கூறியவாறே வேற்றுமையும் கூறாதுவிடின் நடுநிலை பிழைத்ததாகும். சைவத்தில் ஒறுத்தல் மலநீக்கத்தின் பொருட்டு. பிறவிதோறும் தொடர்ந்து ஒருநாள் முடிவது. கிறித்தவத்திலோ பிறவி ஒன்றே. ஆதலின் அங்கே கற்பனைக்கு ஓர் அவசரம் உண்டு. பல பிறவி உண்டென்று சோம்பியிருப்பார்க்கு அவ்வவசரம் நன்மையும் பயக்கும். ஆனால் முடிவில்லாத் தண்டனை என்னும் பழைய போதனையை அன்பெனக் கொள்ளுதல் எனக்கு இயலவில்லை. திருத்துதற்கு இனி ஒரு நாளுமில்லாத ஒறுப்பு எவ்வாறு கற்பித்தலாகும்? முழுமையான அன்பில் அச்சத்துக்கு இடமில்லை என்னும் கருத்து, யான் மேலே சுட்டிய நிருபத்திலேயே உள்ளது. கிறித்தவ அறிஞருள்ளும் இவ்விடர்ப்பாட்டை உணர்ந்து எழுதியோர் பலர்.

சைவர் ஒருவர் யோவான் சுவிசேடத்தைப் பற்றி எழுதுதல் இந்நகர்க்குப் புதிதன்று. தந்தையார் பொன்னம்பல முதலியார் 1857 இற் கொட்டாஞ்சேனையில் அமைத்த சிவாலயத்தைப் பின்னர்க் கருங்கற்றளியாக எடுப்பித்த சேர் பொன்னம்பலம் இராமநாதன், பரானந்தர் என்னும் பெயரால் மத்தேயு சுவிசேடத்துக்கு 1898 இலும் யோவான் சுவிசேடத்துக்கு 1902 இலும் ஆங்கிலத்தில் விளக்கவுரை வெளியிட்டார். ஒல்லாந்தர் மனனஞ் செய்வித்த நூலை, ஏவுவாரின்றித் தாமே விரும்பி எடுத்துக் கற்றார் ஒரு சைவர் என்பதே இங்கு யான் சுட்ட விழைவது. அச்சிவாலயத்தினின்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் நடந்து செல்லும் தூரத்திலேயே உள்ளது.

இனிச் சொல்லுக்கே மீள்வேன். விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பு 1715 இல் தரங்கம்பாடியில் அச்சேறிய புதிய ஏற்பாடு தொடக்கம், 1759 இற் கொழும்பில் வெளிவந்த பிலிப்பு தெ மெல்லோவின் பெயர்ப்பு, ஆறுமுகநாவலரின் துணையோடு பேர்சிவல் பாதிரியார் உருவாக்கி 1850 இல் வெளிவந்த பெயர்ப்பு எனப் பல படி கடந்தது. 1995 இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பாகிய திருவிவிலியம், பழைய பெயர்ப்பிற் கற்பனை என நின்ற இடங்களிற் கட்டளை என்கின்றது. இன்றைய மாணவர்க்கு மயக்கம் நீங்குமென்பது மெய். என் வகுப்பிலே எழுந்த நகைப்பு அப்பெயர்ப்பை வாசிப்பார்க்கு எழாது. கட்டளை என்பதும் வறிய சொல்லன்று. செங்கல் வார்க்கும் அச்சும், பொன்னின் மாற்றறியும் உரைகல்லும், கோயிலில் ஒருநாட் பூசைக்கென அன்பர் ஏற்படுத்தும் அறமும் அச்சொல்லாலேயே வழங்கும். பழைய பெயர்ப்பாளரும், ஒருவரிலொருவர் அன்பாயிருக்க வேண்டுமென்னும் புதிய விதியைக் கூறுமிடத்து அதனையே ஆண்டுள்ளனர். ஆயினும் இக்காலத்துச் செவிக்குக் கட்டளை என்பது படையும் காவலரும் இடுவதாகவே கேட்கின்றது. இந்நாட்டிற் பல ஆண்டுகள் போரிடை வாழ்ந்தார்க்கு அஃது எவ்வாறு கேட்குமென்பதைக் கூற வேண்டுவதில்லை.

யோவான் பதினைந்தாம் அதிகாரத்தில் இயேசு தம் சீடரை இனி ஊழியர் என்று அழையேன், நண்பர் என்பேன் என்கின்றார். தலைவன் செய்வது இன்னதென்று ஊழியன் அறியான். நண்பர்க்கோ யாவும் அறிவிக்கப்பட்டன என்பது அவர் கூறும் காரணம். கட்டளை ஊழியனுக்குப் போதும். காரணம் அறிவிக்கப்பட்டவனுக்கு உரியது கற்பனையே. அவ்வதிகாரத்தையேனும் மறுபதிப்பிற் பழைய சொல்லோடு, அடியில் ஒரு விளக்கக் குறிப்பும் சேர்த்து அச்சிடுதல் தகும் என்பது என் கருத்து. என் மாணவிக்கு இவ்வளவும் கூற ஒரு பாடவேளை போதவில்லை. இம்மலர் வெளிவந்ததும் ஒரு படியைத் தன் பாட்டியாருக்குக் கொண்டுசெல்வதாகக் கூறியிருக்கிறாள்.