வள்ளியூருக்கு எத்தனை எழுத்து?

வள்ளியூர் என்னும் பெயரில் எத்தனை எழுத்துகள்? விரல்விட்டு எண்ணிப் பாருங்கள்: வ, ள், ளி, யூ, ர். ஐந்து. ஆரம்பப் பள்ளி மாணவனும் இதைப் பிழையின்றிச் சொல்வான். கணிப்பொறியோ 27 என்கிறது! இந்த 5-க்கும் 27-க்கும் இடையில் எவ்வளவு விவரங்கள் தொலைந்துபோகின்றன என்பதைப் பற்றியதே இவ்விமரிசனம்.

திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் செல்லும் வழியில் உள்ள இவ்வூருக்குப் பேருந்து தேடுவோரின் விவரங்களை ஓர் இணையதளம் குறித்துவைக்கிறது என்று கொள்வோம். பிஎச்பி என்னும் நிரல்மொழியில் இயங்கும் தளங்கள் பல விவரங்களை ஒரே சரமாகக் கோத்துத் தரவுத்தளத்தின் ஓர் அறையில் போட்டுவைப்பதுண்டு. இதற்குத் தொடராக்கம் என்று பெயர். வேர்ட்பிரஸ் தளங்களில் இன்றும் இதைக் காணலாம்.

மூட்டையின் மேல் உள்ளே எத்தனை தேங்காய் என்று எழுதிவைப்பது போல, இம்முறையில் ஒவ்வொரு சொல்லுக்கு முன்னும் அதன் நீளம் எழுதப்படுகிறது. ஆனால் எண்ணப்படுவது எழுத்து அல்ல, பைட். யூனிகோடில் வள்ளியூர் 9 குறிகளாகப் பிரிகிறது. புள்ளிக்கும் கொக்கிக்கும் தனித்தனிக் குறி. யூடிஎஃப்-8 முறையில் குறிக்கு 3 பைட் வீதம் 27. முன்பு பரவலாக இருந்த திஸ்கி முறையில் இதே பெயர் 6 பைட்தான். தமிழக அரசு 2010இல் ஏற்ற டேஸ்-16 முறையில் 10. ஊர் ஒன்று, கணக்கு மூன்று!

திஸ்கியில் இருந்த பழைய பதிவை யாரோ ஒருவர் மொத்தமாக யூனிகோடுக்கு மாற்றுகிறார். சொல் 27 பைட்டாக நீண்டுவிடுகிறது. முன்னால் இருக்கும் 6 அப்படியே நிற்கிறது. மூட்டையைப் பிரிக்க வரும் நிரல் கணக்கு ஒவ்வாததைக் கண்டு, அந்தச் சொல்லை மட்டுமா விடுகிறது? பதிவு முழுவதையுமே தள்ளிவிட்டுப் ‘பொய்’ என்று ஒரு விடை தருகிறது. அதை ஜேசன் வடிவுக்கு அனுப்பினால், ஜேசனில் ‘பொய்’யும் செல்லுபடியாகும் மதிப்பே. ஆகவே ஓசையின்றி ஏற்கப்படுகிறது.

டக்ளஸ் கிராக்ஃபோர்டு பரப்பிய ஜேசன் முறையைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அது நீளத்தை எழுதுவதில்லை. மேற்கோள் குறிக்குள் இருப்பதுதான் சொல். பிற மொழி நிரல்களும் எளிதில் படிக்கும். அந்நியர் தரும் தொடராக்கச் சரத்தைப் பிரிப்பது ஆபத்து என்று பிஎச்பி கையேடே எச்சரிக்கிறது. ஜேசனில் அந்த அச்சம் பெரிதும் இல்லை.

ஆயினும் மாற்றத்தில் சில சேதங்கள் உண்டு. 0, 1, 2 என்று எண்ணிட்ட வரிசையில் நடுவில் ஒன்றை நீக்கினால், பட்டியலாக இருந்தது பெயரிட்ட தொகுதியாக உருமாறிவிடும். வள்ளியூரின் தொலைபேசிக் குறியீடு 04637. ஜேசன் எண்ணின் முன்னால் பூச்சியத்தை ஏற்காது. ஆகவே அதைச் சொல்லாகவே வைக்க வேண்டும். எண்ணாக்கினால் 4637தான் மிஞ்சும். வழக்கமான அமைப்பில் பிஎச்பி தமிழ்க்குறி ஒவ்வொன்றையும் ஆறு எழுத்துகளால் எழுதும். வள்ளியூர் 54 ஆகிவிடும். பிழையன்று. ஆனால் அந்த ஜேசன் சரத்தையே ஒரு மதிப்பாகக் கூகுள் அனலிட்டிக்ஸுக்கு அனுப்புவோர் கவனிக்க வேண்டும்: அங்கு ஒரு மதிப்புக்குப் பொதுவாக 100 எழுத்துதான் இடம். பாதிக்கு மேல் ஊர்ப் பெயருக்கே போயிற்று!

முறையாகச் செய்ய வழி உண்டு. பழைய குறிமுறையிலேயே மூட்டையைப் பிரித்து, ஒவ்வொரு மதிப்பையும் யூனிகோடுக்கு மாற்றி, வேண்டியதை மட்டும் எடுத்து, பின்பு ஜேசனாக்க வேண்டும். பயணியின் பெயரும் கைப்பேசி எண்ணும் வருகைக் கணக்குக்குத் தேவையில்லை. பெரும்பாலோர் இந்தச் சிரமத்தை மேற்கொள்ளாமல், சரத்தின் மேலேயே தேடி மாற்றும் குறுக்கு வழியில் இறங்குகிறார்கள்.

என்னை உறுத்துவது இதுதான். இதே ஊரை ரயில் நிலையப் பலகையில் உள்ளபடி ஆங்கிலத்தில் எழுதினால் 8 எழுத்து. திஸ்கியிலும் 8 பைட், யூடிஎஃப்-8இலும் 8 பைட். அந்தப் பதிவு உடைவதே இல்லை. தமிழில் தட்டச்சு செய்தவரின் பதிவு மட்டும் உடைகிறது. மாத முடிவில் அறிக்கையைப் பார்க்கும் மேலாளர், தமிழில் தேடுவோர் எவருமில்லை என்று கண்டு, தளத்தின் தமிழ்ப் பக்கத்தை நிறுத்திவிடலாமே என்று யோசிப்பார். அவர் கையில் உள்ள அறிக்கையின்படி அது சரியான முடிவுதான்.