எம்மாவுக்கு ஒரு தோழி

நாவல் படிக்கும் பெண் கெட்டுப்போவாள் என்று நம் இல்லங்களில் ஒரு காலத்தில் திடமாக நம்பினார்கள். 1885ஆம் ஆண்டிலேயே சித்திலெவ்வை 'அசன்பேயுடைய கதை'யைத் தமிழுக்குத் தந்துவிட்ட சமுதாயத்தில் இவ்வச்சம் நெடுநாள் நிலைத்தது வியப்புக்குரியதே. சான்று கேட்டால், உலக இலக்கியம் அறிந்தவர்கள் எம்மாவைக் காட்டுவார்கள். பிரெஞ்சு எழுத்தாளர் ஃப்ளோபேரின் 'மதாம் பொவாரி' நாயகி அவள். கன்னிமாடத்தில் படிக்கையில், துணி தைக்க வந்த முதியவள் மறைவாகக் கொடுத்த காதல் கதைகளில் ஊறியவள்; நாட்டுப்புற வைத்தியனை மணந்து, கதையிற் கண்ட வாழ்வைத் தேடிக் கணவனுக்குத் துரோகமிழைத்து, கடனில் மூழ்கி, நஞ்சுண்டு மாண்டவள். ஒழுக்கக்கேடான நூலென்று 1857இல் வழக்கும் நடந்தது, ஆசிரியர் விடுதலையானார்.

இந்த எம்மாவுக்கு ஒரு தோழியைத் தேடிக் கொடுத்தால் என்ன என்று எண்ணிப் பார்த்தேன். வெவ்வேறு நாவல்களின் மாந்தரை ஒரே திண்ணையில் உட்கார வைப்பது வெறும் விளையாட்டு என்பாருண்டு. பல வேளைகளில் அது விளையாட்டுத்தான். 'கோதான்' ஹோரியையும் 'ஏழை படும் பாடு' ழான் வால்ழானையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். இருவரும் தத்தம் சுமையைச் சொல்லிப் பெருமூச்செறிந்து பிரிவார்கள். ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருந்தாலன்றி அங்கே கதை பிறக்காது.

நான் தேர்ந்த தோழி, வைக்கம் முஹம்மது பஷீரின் குஞ்ஞுபாத்தும்மா. 1951இல் மலையாளத்தில் வெளிவந்த அந்நாவலின் தலைப்பே 'என் உப்பப்பாவுக்கு ஓர் ஆனை இருந்தது' எனப் பொருள்படும். எழுதப் படிக்கத் தெரியாத பெண் அவள். வழக்கில் சொத்தெல்லாம் போய்ச் சிறு வீட்டுக்கு வந்த பின்னும், உம்மா தன் வாப்பாவின் கொம்பானையைப் பற்றிப் பேசுவதை விடவில்லை. முடிவில் பிள்ளைகள் போட்டு உடைக்கிறார்கள்: அது குழியானையாம்! மணலில் குழி பறிக்கும் சின்னஞ்சிறு பூச்சி.

எம்மாவிடமும் ஓர் ஆனை உண்டு. பாரிஸ் நகரின் வரைபடத்தை விலைக்கு வாங்கி, விரல் நுனியால் அதன் வீதிகளில் உலவுகிறாள். குஞ்ஞுபாத்தும்மா அதைக் கண்டு சிரித்திருக்க மாட்டாள். இல்லாத ஆனையின் நிழலில் வளர்ந்தவளுக்கு அந்த நோய் புதிதன்று. "எங்க வீட்டிலும் ஒண்ணு இருந்தது" என்று மட்டும் சொல்லியிருப்பாள். அப்படிச் சொல்ல எம்மாவுக்கு ஓர் ஆள் வாய்க்கவில்லை. கணவன் நல்லவன், விளங்காதவன். லெயோனிடம் அவள் நூல்களைப் பற்றிப் பேசியதுண்டு. அவனும் அதே மயக்கத்தில் கிடந்தவனாதலால் தலையாட்டினானேயன்றி மறுத்துச் சொல்லவில்லை.

இங்கேதான் பழைய அச்சம் தடுமாறுகிறது. குஞ்ஞுபாத்தும்மாவுக்கு எழுத்து எவ்வாறு வந்தது? பக்கத்து வீட்டு ஆயிஷா கற்றுக் கொடுத்தாள். உச்சரிப்பைத் திருத்தினாள், கேலி செய்தாள், உடனிருந்தாள். 'ஜேன் அயர்' (1847) நாவலிலும், லோவுட் பள்ளிக்கு வந்த ஜேன் முதன்முதலில் ஹெலன் பர்ன்ஸிடம் பேச்சுக் கொடுப்பது அவள் கையிலிருந்த புத்தகத்தைப் பற்றித்தான். எம்மாவைக் கெடுத்தது நாவலா, அல்லது அவள் படித்த தனிமையா? நான் இரண்டாவதையே சொல்வேன்.

ஆயினும் ஃப்ளோபேருக்கு அநீதி செய்தலாகாது. யோன்வில்லில் ஓர் ஆயிஷா குடியேறியிருந்தால் அந்நாவல் பாதியில் நின்றிருக்கும். தோழியைத் தராதது ஆசிரியரின் மறதியன்று, திட்டம். பஷீர் இரக்கமுள்ளவர், தந்துவிட்டார். அதனாலேயே அவருடைய முடிவு சற்று எளிதாக அமைந்துவிட்டதோ என்ற குறை எனக்குண்டு.

மேலும், எழுத்தறியா ஏழைப் பெண்ணுக்கு எம்மாவின் கதவு திறந்திருக்குமா என்பதும் ஐயமே. குஞ்ஞுபாத்தும்மா வாசலில் நின்றிருந்தால், அவள் கண்ணில் முதலில் பட்டிருப்பது எம்மாவின் சிறுமகள் பெர்த்தான். தந்தை எழுத்துக் கற்பிக்க முயன்றபோது அழத் தொடங்கிய குழந்தை அது. பெற்றோர் மாண்டபின் பஞ்சாலைக் கூலிக்கு அனுப்பப்பட்டது. ஆயிஷா தனக்குச் சொல்லித் தந்த முறை குஞ்ஞுபாத்தும்மாவுக்கு நினைவிருந்திருக்கும்.